இரண்டு பூஜ்ஜியங்கள்

பள்ளி ஆண்டு விழாவிலோ கல்யாண மண்டபத்திலோ இதைக் கேட்காதவர்கள் குறைவு. லேப்டாப்பிலிருந்து ஒரு ஆடியோ வயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. பாட்டு சுத்தமாகக் கேட்கிறது. பேட்டரி தீரப்போகிறதே என்று யாரோ சார்ஜரைச் செருகுகிறார். அந்த நொடியே ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. மைக்செட்காரர் வயரை மாற்றுகிறார், ஜாக்கைத் திருகிப் பார்க்கிறார், உறுமல் அசைவதாக இல்லை.

லேப்டாப்பில் கோளாறு இல்லை. சார்ஜர் நன்றாக வேலை செய்கிறது. ஆம்ப்ளிஃபயர் நேற்றுதான் வேறொரு விழாவில் பிரமாதமாக ஒலித்தது. தனித்தனியே சோதித்தால் மூன்றும் ஆரோக்கியம். மூன்றையும் சேர்த்தால் நோய். அப்படியானால் நோய் எதற்குள் இருக்கிறது?

இந்தக் கேள்வியை முழுமையாகப் பிரித்துப் பார்க்க ஏற்ற கருவி மாடுலர் சிந்தசைசர். அதன் பெட்டிக்குள் இரண்டு பவர் சப்ளைகளை வைத்துவிட்டால், மண்டபத்தில் கேட்ட உறுமலின் உறவினர்கள் அத்தனை பேரும் அங்கே குடியேறுவார்கள்.

வோல்ட்டில் எழுதிய சுருதி

மாடுலர் சிந்தசைசர் பல சிறு கருவிகளின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் மாட்யூல் என்று பெயர். ஒரு மாட்யூல் ஒலியை உண்டாக்கும். இன்னொன்று அதை வடிகட்டும். மற்றொன்று எந்த ஸ்வரம் எப்போது வரவேண்டும் என்று வரிசையாகச் சொல்லும். வாசிப்பவர் முகப்பிலுள்ள துளைகளுக்கு இடையே குட்டையான வயர்களைச் செருகி இவற்றைத் தம் விருப்பப்படி இணைத்துக்கொள்கிறார். அந்த வயருக்கு பேட்ச் கேபிள் என்று பெயர்.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964இல் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து இத்தகைய கருவியை உருவாக்கினார். சுருதியைக் கட்டுப்படுத்த அவர் வைத்துக்கொண்ட கணக்கு மிக அழகானது: மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். (மூக் கருவி ஒன்று 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது, அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் உதவியோடு அங்கே ஒரு மின்னணு இசைக்கூடம் உருவானது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.)

இன்று உலகெங்கும் புழங்கும் அளவு ஜெர்மனிக்காரரான டீட்டர் டெப்ஃபரின் ஏ-100 வரிசையோடு 1990களின் நடுவில் வந்தது. யூரோராக் என்று அழைக்கிறார்கள். மாட்யூலின் முகப்பு 128.5 மி.மீ. உயரம், அகலம் 5.08 மி.மீ. மடங்குகளில். எல்லா மாட்யூல்களுக்கும் பின்னாலிருந்து ஒரு பட்டை வயர் மின்சாரம் கொண்டுவருகிறது: கூட்டல் 12 வோல்ட், கழித்தல் 12 வோல்ட், சிலவற்றுக்கு 5 வோல்ட், இவற்றோடு பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியக் கம்பியைத்தான் மின்பொறியாளர்கள் ‘கிரவுண்ட்’ என்பார்கள். இந்த அத்தியாயம் முழுக்க அதன் கதை.

மூக் வைத்த கணக்கை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். ஒரு ஸ்தாயிக்குள் 12 ஸ்வரஸ்தானங்கள். ஆக ஒரு ஸ்வரஸ்தானத்துக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். இசை அளவையில் ஒரு ஸ்வரஸ்தானத்தை 100 சென்ட் என்று பிரிக்கிறார்கள். ஒரு சென்ட்டுக்கு 0.83 மில்லிவோல்ட். பழகிய காது ஐந்தாறு சென்ட் விலகலைக் கண்டுபிடித்துவிடும். அதாவது வெறும் 5 மில்லிவோல்ட் பிசகினால் சுருதி பிசகியது தெரிந்துவிடும். ஒரு டார்ச்லைட் செல்லின் 1.5 வோல்ட்டில் முந்நூறில் ஒரு பங்கு! வேறெந்த வீட்டு மின்கருவியும் இவ்வளவு சிறிய தவறை இவ்வளவு உரக்கச் சொல்லாது.

பெட்டி வைத்திருப்பவர்கள் மாட்யூல் வாங்குவதை எளிதில் நிறுத்துவதில்லை. ஒரு வரிசை நிரம்பியதும் இரண்டாம் வரிசை. முதல் பவர் சப்ளை தாங்காது என்பதால் இரண்டாவது ஒன்று. தொல்லை அங்கே தொடங்குகிறது.

பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?

‘இந்த முனையில் 2 வோல்ட் இருக்கிறது’ என்பது பாதி வாக்கியம். எதிலிருந்து 2 வோல்ட்? மின்னழுத்தம் எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடுதான். ஒரு பவர் சப்ளை ‘இதுதான் என் பூஜ்ஜியம்’ என்று ஒரு முனையை அறிவித்துவிட்டு அங்கிருந்து மேலே 12, கீழே 12 என்று அளந்து கொடுக்கிறது. இரண்டாவது பவர் சப்ளை தன் பூஜ்ஜியத்தைத் தானே அறிவிக்கிறது. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

வீடு கட்டும் கொத்தனார் இதே சிக்கலைத் தினமும் சந்திக்கிறார். ஒரு அறையில் தரையிலிருந்து மூன்றடி அளந்து சுவரில் கோடு போட்டால், அடுத்த அறையிலும் தரையிலிருந்து மூன்றடி அளந்துவிட முடியாது. இரண்டு தரைகளும் ஒரே மட்டத்தில் இருக்காது. அதனால் தண்ணீர் நிரப்பிய நீளமான ட்யூபை இங்கிருந்து அங்கே பிடித்து மட்டத்தைக் கொண்டுபோகிறார். இரண்டு பவர் சப்ளைகளின் பூஜ்ஜியங்களை இணைக்கும் தடித்த கம்பி செய்வதும் அதையேதான்.

அந்தக் கம்பி இல்லாவிட்டால்? இரண்டு பூஜ்ஜியங்களும் ஒன்றை ஒன்று அறியாமல் மிதந்துகொண்டிருக்கும். சார்ஜரில் மாட்டிய லேப்டாப்பின் உலோக உடலைத் தொடும்போது விரலில் லேசாகச் சுரீர் என்கிறதல்லவா? அது மிதக்கும் பூஜ்ஜியத்தின் தொடுகை. சார்ஜருக்குள் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் ஒரு சிறு மின்தேக்கி வழியாக வீட்டு மின்சாரத்தின் மிகச் சிறிய கசிவு வெளியே வருகிறது. மிகச் சிறியது என்பதால் ஆபத்தில்லை. ஆனால் அது போவதற்கு ஒரு வழி வேண்டும். மண்டபத்தில் அதற்குக் கிடைத்த வழி ஆடியோ வயரின் பூஜ்ஜியக் கம்பி. பாட்டை மட்டும் சுமக்க வேண்டிய கம்பி அந்தக் கசிவையும் சுமந்தது, ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் பெரிதாக்கியது. சார்ஜர் மூன்று பின் கொண்டதாக இருந்தாலும் முடிவு அதேதான். சுவரின் இரண்டு சாக்கெட்டுகளில் எர்த் மட்டம் துளி வேறுபட்டால் போதும், அந்த வேறுபாட்டை ஈடுகட்டும் மின்னோட்டம் ஆடியோ வயர் வழியாகச் சுற்றத் தொடங்கிவிடும்.

ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்போம்

இரண்டு வரிசைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில் ஒலி எழுப்பும் ஆசிலேட்டர், முதல் பவர் சப்ளையோடு. கீழ் வரிசையில் ஸ்வர வரிசை சொல்லும் சீக்வென்சர், விளக்குகள் மினுக்கும் ஒரு டிஜிட்டல் மாட்யூல், இரண்டாவது பவர் சப்ளையோடு. சீக்வென்சரிலிருந்து ஆசிலேட்டருக்கு ஒரு பேட்ச் கேபிள். புகார் இதுதான்: டிஜிட்டல் மாட்யூலின் விளக்கு எரியும்போதெல்லாம் ஆசிலேட்டரின் சுருதி துளி நகர்கிறது. அந்த மாட்யூலுக்கும் ஆசிலேட்டருக்கும் இடையே ஒரு கேபிளும் இல்லை.

முதல் துப்பு காலத்தில் இருக்கிறது. ஆசிலேட்டர்கள் சூட்டாலும் சுருதி விலகும். பழைய மூக் கருவிகள் அதற்குப் பேர்போனவை. ஆனால் சூடு மெல்ல ஏறுவது, விலகலும் நிமிடக்கணக்கில் நிகழும். இங்கே விலகல் விளக்கோடு தாளம் போடுகிறது. ஆகவே மின்னோட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கீழ் வரிசை கூட்டல் 12 வோல்ட்டிலிருந்து 900 மில்லிஆம்பியர் இழுப்பதாகவும் கழித்தல் 12இல் 500 மில்லிஆம்பியர் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். கூட்டல் கம்பியில் போன 900இல் 500 கழித்தல் கம்பி வழியாக ஊர் திரும்பும். மீதி 400 மில்லிஆம்பியர் பூஜ்ஜியக் கம்பி வழியாக வரும். பூஜ்ஜியம் என்று பெயர் வைத்ததால் அதில் ஒன்றும் ஓடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மிச்சமெல்லாம் ஓடுவது அதில்தான்.

மாட்யூல்கள் செருகியிருக்கும் பட்டை வயரில் பூஜ்ஜியத்துக்காக ஆறு மெல்லிய இழைகள். 40 செ.மீ. நீளத்துக்கு ஆறும் சேர்ந்து தரும் தடை ஏறத்தாழ 14 மில்லிஓம். நம் அன்றாட வாழ்வில் அது தடையே இல்லை. ஆனால் 400 மில்லிஆம்பியர் அதன் வழியே ஓடும்போது கம்பியின் கடைக்கோடி, தொடக்கத்தைவிட 5.6 மில்லிவோல்ட் உயர்ந்து நிற்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் சீக்வென்சர் தன் தரையிலிருந்து சரியாக 2 வோல்ட் அளந்து அனுப்புகிறது. மேலேயிருக்கும் ஆசிலேட்டருக்கு அது 2.0056 வோல்ட். கிட்டத்தட்ட 7 சென்ட் பிசகு. இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரின் தரை வேறு.

இந்த 7 சென்ட் நிலையானதாக இருந்தால் தொல்லை இல்லை, சுருதி சேர்க்கும்போது குமிழைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். மாறும் பகுதிதான் இசையைக் கெடுக்கும். விளக்கு எரியும்போது டிஜிட்டல் மாட்யூல் கூடுதலாக 150 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்றால் கூடுவது 2 மில்லிவோல்ட், இரண்டரை சென்ட். பலருக்குத் தெரியாது. இப்போது பட்டை வயரின் இணைப்பு தளர்ந்தோ ஊசிகளில் கறை படிந்தோ இன்னொரு 50 மில்லிஓம் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். அதே 150 மில்லிஆம்பியர் இப்போது கிட்டத்தட்ட 10 மில்லிவோல்ட் நகர்த்தும். பதினொன்றரை சென்ட்! இதை யாராலும் கேட்காமல் இருக்க முடியாது.

இதை உறுதிப்படுத்த விலை உயர்ந்த கருவி வேண்டாம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வையுங்கள். கறுப்பு முனை இரண்டாவது பவர் சப்ளையின் பூஜ்ஜியத்தில், சிவப்பு முனை பட்டை வயரின் கடைசிப் பூஜ்ஜியத்தில். விளக்கோடு சேர்ந்து எண்கள் ஏறி இறங்கினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். பிறகு இரண்டு பவர் சப்ளைகளின் பூஜ்ஜியங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். அங்கே எண்கள் நிலையில்லாமல் அலைந்தால் இணைப்புக் கம்பியே இல்லை, அல்லது அது மெலிது.

பரிகாரமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஊசிகளைச் சுத்தம் செய்து இணைப்பை அழுத்திச் செருக வேண்டும். அதிக மின்சாரம் குடிக்கும் மாட்யூலை பவர் சப்ளைக்கு மிக அருகில் வைத்தால் அதன் மின்னோட்டம் மற்றவர்களின் தரையில் நடந்து போகாது. சுருதி அனுப்புபவரையும் வாங்குபவரையும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது எல்லாவற்றிலும் மேல். காசு செலவில்லாத வைத்தியம், ஆனால் பலரும் கடைசியில்தான் முயல்கிறார்கள்.

திருகைத் திருப்பினால் மாறும் உறுமல்

பூஜ்ஜியங்களை இணைக்காமல் விட்ட பெட்டிகளில் ஒரு வினோதம் நடக்கும். முகப்புத் திருகு ஒன்றை இறுக்கினால் உறுமல் குறையும். இரண்டு நாளில் திரும்பி வரும்.

ஒவ்வொரு மாட்யூலின் அலுமினிய முகப்பும் அதன் ஜாக்குகள் வழியாகப் பூஜ்ஜியத்தோடு தொடர்புடையது. முகப்பு, திருகின் மூலம் பெட்டியின் உலோகத் தண்டவாளத்தில் பதிகிறது. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் தண்டவாளங்கள் பெட்டியின் பக்கச் சட்டங்களால் இணைந்திருக்கின்றன. ஆக, யாரும் திட்டமிடாமலே இரண்டு பூஜ்ஜியங்களுக்கும் இடையே ஒரு கள்ளப்பாதை உருவாகிவிடுகிறது. அலுமினியத்துக்கு ஆனோடைஸ் பூச்சு கொடுத்திருந்தால் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. திருகு எங்கே சுரண்டியதோ அங்கே மட்டும் உலோகம் உலோகத்தைத் தொடும். இப்படிப்பட்ட தொடர்பை நம்பி இசைக் கச்சேரி செய்யக் கூடாது. இரண்டு பவர் சப்ளைகளின் பூஜ்ஜிய முனைகளையும் குட்டையான தடித்த கம்பியால் ஒரே இடத்தில் நேராக இணைத்துவிட்டால் திருகுகளுக்கு அந்த வேலை இல்லாமல் போகும்.

உறுமலின் குரலையும் கவனியுங்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. பவர் சப்ளைக்குள் அதை ஒருவழிப்படுத்தும்போது ஒவ்வொரு அலையின் இரு பாதிகளும் பயன்படுவதால், வடிகட்டப்படாமல் மிஞ்சும் அதிர்வு நொடிக்கு 100 முறை. போனில் ஒலி அலைவரிசை காட்டும் செயலி ஒன்று இருந்தால் பாருங்கள். 50இல் முகடு உயர்ந்திருந்தால் கசிவையும் எர்த் சுற்றையும் தேடுங்கள். 100இல் உயர்ந்திருந்தால், பெரும்பாலும், பழைய வகை பவர் சப்ளையின் மின்தேக்கி கிழடாகிவிட்டது அல்லது சுமை அளவை மீறிவிட்டது.

இணைக்கவே கூடாதவை

பூஜ்ஜியங்களை இணைப்பது நல்லது என்றதும் கூட்டல் 12களையும் இணைத்துவிட்டால் பலம் இரட்டிப்பாகும் என்று தோன்றும். வேண்டாம். இரண்டு பவர் சப்ளைகள் துல்லியமாக ஒரே 12 வோல்ட் தருவதில்லை. ஒன்று 12.05 தரும், இன்னொன்று 11.95. உயர்ந்தது சுமை முழுவதையும் தோளில் போட்டுக்கொள்ளும். மற்றது ‘மின்னழுத்தம்தான் போதுமான அளவு இருக்கிறதே’ என்று சும்மா இருந்துவிடும். முதலாவது சோர்ந்து விழுந்ததும் இரண்டாவது திடீரென்று முழுச் சுமையையும் ஏற்கும். பெட்டி தானாக அணைந்து அணைந்து எரியும் பல புகார்களின் வேர் இது. இரண்டு வரிசைகளை முன்பு ஒரே பவர் சப்ளையில் ஓட்டியவர்கள் இடையில் போட்டிருந்த இணைப்புப் பட்டையை எடுக்க மறந்திருப்பார்கள். பூஜ்ஜியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும்.

தானாக அணைந்து எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு மாட்யூலிலும் சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. சுவிட்ச் போட்ட கணத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பப் பார்க்கும். பவர் சப்ளை அதை ஷார்ட் சர்க்யூட் என்று எண்ணி நின்றுவிடும், ஒரு நொடி கழித்து மறுபடி முயலும், மறுபடி நிற்கும். எல்லா மாட்யூல்களையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் எங்கே தடுமாறுகிறது என்பது தெரிந்துவிடும். பட்டை வயரைத் தலைகீழாகச் செருகியிருந்தாலும் இந்தச் சோதனையில் அகப்படும். சிவப்புக் கோடு கழித்தல் 12 பக்கம் இருக்க வேண்டும்.

ஒரு பவர் சப்ளை அணைந்தும் மற்றது எரிந்தும் இருக்கும் நிலை நீடிக்கக் கூடாது. உயிருள்ள வரிசையின் மின்னழுத்தம் பேட்ச் கேபிள் வழியாக உயிரற்ற வரிசையின் உள்ளீட்டுக்குள் புகுந்து, அங்கே பாதுகாப்புக்கு வைத்த டையோடுகள் வழியாக ஏறி, அணைந்த மாட்யூல்களின் விளக்குகளை மங்கலாக எரியவைப்பதும் உண்டு. பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அந்தச் சில்லுகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச் வைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உறுமல் போகிறதே என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்களும், எர்த் கம்பியைக் கழற்றி விடுபவர்களும் இருக்கிறார்கள். பெட்டிக்குள் 230 வோல்ட் கம்பி ஒன்று என்றைக்காவது உரிந்து உலோகத்தைத் தொட்டால், கருவியை வாசிப்பவரின் உயிரைக் காப்பது அந்த எர்த் கம்பிதான். உறுமலைத் தீர்க்க எத்தனையோ வழிகள் உண்டு, இது அவற்றில் ஒன்றல்ல. வீட்டு மின்சாரம் நேராக உள்ளே வரும் வகை பவர் சப்ளையை, பிளக்கைக் கழற்றிய பிறகும், அனுபவமுள்ளவர் அல்லாத எவரும் திறக்கக் கூடாது. அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

கேட்காத இரண்டு, கேட்கும் ஒன்று

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த கோளாறு. உறுமல் இல்லை, சுருதி விலகல் இல்லை. ஆனால் பெட்டியிலிருந்து ‘ஈஈஈ’ என்று மெல்லிய சீழ்க்கை. பெட்டி சூடாகச் சூடாக அது ஏறியோ இறங்கியோ வழுக்கிக்கொண்டே போகிறது. முதல் பவர் சப்ளையை அணைத்தால் சீழ்க்கை நிற்கிறது. சரி, அதுதான் என்று முடிவுகட்டி அதைப் போட்டு இரண்டாவதை அணைத்தால், அப்போதும் நிற்கிறது!

இக்காலப் பவர் சப்ளைகள் மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி அனுப்புகின்றன. ஒன்று நொடிக்கு 1,00,000 முறை வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 வரைதான் கேட்கும், ஆகவே அது நமக்கு மௌனம். இரண்டாவது 1,01,000 முறை வெட்டுகிறது. அதுவும் மௌனம். இரண்டின் மிச்சமும் ஏதாவதொரு டிரான்சிஸ்டரில் சந்தித்துக் கலந்தால் அவற்றின் வித்தியாசம் தனி அதிர்வாகப் பிறக்கும்: நொடிக்கு 1,000. அது தெளிவாகக் காதில் விழும். பள்ளிப் பாடத்தில் ‘விம்மல்’ என்று படித்த நிகழ்வின் நெருங்கிய சொந்தம் இது. இரண்டில் ஒன்று சூட்டால் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் வித்தியாசம் 1,000இலிருந்து 1,100 ஆகிவிடும். சீழ்க்கை வழுக்குவது அதனால்தான்.

ரஷ்யாவின் லெவ் தெரமின் 1920 வாக்கில் இதே தத்துவத்தை வைத்துத்தான் தொடாமலே வாசிக்கும் கருவியை உருவாக்கினார். காதுக்கு எட்டாத இரண்டு அதிர்வுகள், ஒன்று நிலையானது, மற்றது கையசைவுக்கு ஏற்ப நகர்வது; நாம் கேட்பது வித்தியாசத்தை. ராபர்ட் மூக் சிந்தசைசருக்கு வருவதற்கு முன் தெரமின்களைச் செய்து விற்றவர்.

டிஜிட்டல் மாட்யூல்களில் ஒரே பவர் சப்ளையும் இந்த வேலையைச் செய்யக்கூடும். அவை ஒலியை நொடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கின்றன என்றால், அதன் இரு மடங்கு 96,000. 1,00,000 வேகத்தில் உள்ளே கசியும் இரைச்சல் அதிலிருந்து 4,000 தள்ளி நிற்கிறது. நல்ல வடிகட்டி முன்னால் இல்லாவிட்டால் மாட்யூல் அதை 4,000 அதிர்வுள்ள ஒலியாகவே பதிவு செய்துவிடும். இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. ஒரு பவர் சப்ளையை மட்டும் வைத்து, அந்த டிஜிட்டல் மாட்யூலை அதிலேயே செருகிப் பாருங்கள். சீழ்க்கை அப்படியே இருந்தால் மாதிரி எடுப்பதில் கோளாறு; அந்த மாட்யூலின் மின்வழியில் ஒரு சுருளும் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டி போதும். ஒன்று மட்டும் இருக்கும்போது நின்றுவிட்டால் இரண்டின் கூட்டணிதான் காரணம். இரண்டும் ஒரே கடிகாரத் துடிப்பைப் பின்பற்றும்படி வடிவமைத்த பவர் சப்ளைகள் கிடைக்கின்றன. வித்தியாசம் பூஜ்ஜியமானால் சீழ்க்கைக்கு இடமில்லை. அது முடியாதபோது ஒன்றை, வெட்டி அனுப்பாத பழைய வகை லீனியர் பவர் சப்ளையாக மாற்றலாம். கனமாக இருக்கும், சூடாகும், ஆசிலேட்டர்கள் இருக்கும் வரிசைக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.